யாங்கோனில் நாலு பேர், புது டி அண்ட் டி ஆட்டம்: எங்கே தொடங்கலாம்?

கேள்வி: டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, நாலு பேருமே புதுசு. ஞாயிறு மூணு மணி நேரம், நடுவில் கரண்டு போகும். 20 முகப் பகடை இல்லை, 10 முகமும் சாதா ஆறு முகமும்தான் இருக்கு. பாத்திரங்களை எந்த லெவல்ல ஆரம்பிக்கலாம்?

பதில்: முதல் லெவலே சரி, ஆனா ஜாக்கிரதை. விசார்டுக்கு (மந்திரவாதி) உயிர்ப் புள்ளி 6, கூட கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர் (உடல் வலுவுக்குக் கிடைக்கும் சின்ன கூட்டல்), அவ்வளவுதான். கோப்ளின் (குட்டி அரக்கன்) ஒரு வெட்டு வெட்டினா, ஆறு முகப் பகடையோட 2 கூட்டி அவ்வளவு உயிரைக் கழிக்கணும். 8 விழுந்தா ஆள் சாய்ஞ்சான். மூணு கோப்ளினுக்கு மேல விடாதீங்க. ஒரே பெரிய பூதமும் சப்புன்னு முடியும்: அது ஒரு தடவை அடிக்கிறதுக்குள்ள இவங்க நாலு தடவை அடிச்சிருப்பாங்க.

பதில்: 20 முகத்துக்குப் பதிலா 10 முகத்தையும் சாதாவையும் சேர்த்து உருட்டுங்க. சாதாவில் 4, 5, 6 விழுந்தா 10 முகத்தில் வந்ததோட 10 கூட்டுங்க. 10 முகத்தில் 0 வந்தா அது 10. மூணு சாதாப் பகடையைக் கூட்டினா சரிவராது, 10, 11தான் அடிக்கடி விழும். 20 வரவே வராது.

பதில்: ஷீட்டு (பாத்திரத்தோட விவரத் தாள்) போன்ல வேணாம், காகிதம், பென்சில். திறன்களுக்கு 15, 14, 13, 12, 10, 8ஐப் பிரிச்சுப் போடச் சொல்லுங்க, அரை மணி நேரம் மிச்சம். லப்பெத் (ஊறவைத்த தேயிலை) தட்டு தள்ளியே இருக்கட்டும்; எண்ணெய் பட்ட இடத்தில் பென்சில் எழுதாது.