ரெட்கானுக்குத் தமிழ்ச்சொல்: ‘பின்பொருத்தல்’

வணக்கம். பழைய கதையில் வந்த ஒன்றுக்குப் பின்னால் வரும் படமோ தொடரோ புதிய பொருள் கொடுப்பதை ஆங்கிலத்தில் ரெட்கான் (retcon) என்கிறார்கள். அதற்கு என்ன தமிழ்ச்சொல் என்ற பேச்சில் ஒருவர் சொன்னது இது:

> ‘முன்கதைத் திருத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். பார்த்தவுடன் புரிகிறது.

ஐயா, புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. வார இதழ்த் தொடர்களில் ‘முன்கதைச் சுருக்கம்’ படித்து வளர்ந்தவர்களுக்கு முன்கதை என்றால் இதுவரை நடந்த கதை. இப்போது சினிமா பற்றி எழுதுகிறவர்கள், காலத்தால் முந்தைய சம்பவங்களைச் சொல்லும் படத்துக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ‘திருத்தம்’. ரெட்கானில் பழைய படத்தில் யாரும் கை வைப்பதில்லை. பின்னால் வரும் படம் பழைய காட்சிக்கு வேறு பொருள் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டார் வார்ஸையே எடுத்துக்கொள்வோம். 1977 படத்தில் விண்கப்பல் ஓட்டியான ஹான் சோலோ, கெஸல் ஓட்டம் என்ற விண்வெளிப் பயணத்தைப் பன்னிரண்டு பார்செக்குக்கும் குறைவாக முடித்த கப்பல் தன்னுடையது என்று பெருமையடிக்கிறார். பார்செக் என்பது தூரத்தின் அளவு, சுமார் 3.26 ஒளியாண்டு. வேகத்தைப் பற்றிப் பேசும்போது தூரத்தைச் சொல்கிறாரே என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 2018இல் வந்த ‘சோலோ’, ஆபத்தான குறுக்குவழியில் புகுந்து தூரத்தைக் குறைத்ததுதான் சாதனை என்று காட்டியது. ஹான் பன்னிரண்டு என்று கொண்டாட, அவருடைய கூட்டாளி சுவபாக்கா உறுமி மறுக்கிறது. பின்னத்தைத் தள்ளிவிட்டால் பன்னிரண்டுதான் என்கிறார் ஹான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1977 வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதன் பொருள் மட்டும் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

அதே 1977 படத்தில், நாயகன் லூக்கின் அப்பாவை வில்லன் வேடர் கொன்றுவிட்டதாக லூக்கின் குரு ஓபிவான் சொல்கிறார். 1980இல் வேடர்தான் அப்பா என்று தெரிகிறது. 1983 படத்தில் ஓபிவான், தான் சொன்னதும் ஒரு கோணத்தில் உண்மைதான் என்று சமாளிக்கிறார். இதுவும் அதே வகை.

ஆனால் மதுவிடுதியில் ஹானும் அவரைப் பிடிக்க வந்த க்ரீடோவும் மோதும் காட்சி வேறு. முதலில் வந்த படத்தில் சுட்டது ஹான் மட்டும்தான். 1997 சிறப்புப் பதிப்பில் க்ரீடோ முதலில் சுடுவதாகக் காட்சியையே மாற்றினார்கள். ‘திருத்தம்’ என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், ரசிகர்களுக்கு ஏன் இதன்மேல் அவ்வளவு கோபம், பார்செக் விஷயத்தில் ஏன் அந்தக் கோபம் இல்லை என்பதைத் தமிழில் விளக்கவே முடியாது.

ஊதிய உயர்வு அரசாணைகளில் வரும் ‘முன்தேதியிட்டு’ என்பதிலிருந்து ‘முன்தேதியிடல்’ என்று இன்னொருவர் தந்திருந்தார். அழகான யோசனை, ஆனால் இங்கே தேதி எதுவும் நகரவில்லை.

இதே பேச்சில் அக்கா ஒருவர் சொன்ன ‘பின்பொருத்தம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு மாற்றம்: ‘பொருத்தம்’ நிலையைக் குறிக்கிறது, ஜாதகமும் நினைவுக்கு வருகிறது. ‘பின்பொருத்தல்’ என்றால் செயல் தெரியும். பின்பொருத்தினார்கள், பின்பொருத்திய காரணம் என்று வினையாகவும் புழங்கும்.

சொல்லைச் சோதிக்க ஸ்டார் டிரெக்கில் வரும் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தைப் பாருங்கள். 1960களின் தொடரில் அவர்களுக்குச் சாதாரண நெற்றி, 1979 படத்திலிருந்து மேடு பள்ளமான நெற்றி. 1996இல் கிளிங்கான் பாத்திரமான வொர்ஃப், வெளியாட்களிடம் இதைப் பேசுவதில்லை என்று முடித்துக்கொள்கிறார். 2005இல் ‘எண்டர்பிரைஸ்’ தொடர் ஒரு வைரஸைக் காரணமாகச் சொன்னது. 1996இல் நடந்தது வெறும் ஒப்புக்கொள்ளல், 2005இல் நடந்ததுதான் பின்பொருத்தல் என்பது என் கணக்கு. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.