லாலா தீன்தயாள்: அரண்மனையின் தயவா, கைத்திறனா?

கேள்வி:
மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் 1844-இல் பிறந்து, ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் பயின்று, இந்தூர் பொதுப்பணித்துறையில் வரைவாளராக இருந்த லாலா தீன்தயாள், ஹைதராபாத் ஆறாம் நிஜாமின் அரசவை ஒளிப்படக்காரராக எப்படி உயர்ந்தார்? ஆட்சியாளர்களின் தயவு ஒன்றே காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவருடைய படங்களைப் பார்க்கையில் என்னால் அதை ஏற்க இயலவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி:
தயவு இருந்தது உண்மைதான். இந்தூர் மன்னர் இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கரும் ஆங்கிலேய அதிகாரி சர் ஹென்றி டேலியும் தொடக்கத்திலேயே அவரை ஊக்குவித்தார்கள். பின்னர் மற்றோர் ஆங்கிலேய அதிகாரியான லெப்பல் கிரிஃபின் தம் சுற்றுப்பயணத்தில் அவரை உடன் அழைத்துச் சென்றார். அப்போது எடுத்த கட்டடப் படங்கள் 1886-இல் நூலாக வந்தன. ஆனால் ஏறத்தாழ 1874-இல்தான் அவர் கேமராவைக் கையில் எடுத்தார் என்பதையும், அன்றைய ஈரத்தகட்டு முறையில் கண்ணாடியில் கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டியிருந்ததால், போகுமிடமெல்லாம் இருட்டறைக்கான கூடாரமும் உடன் சென்றாக வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்த உழைப்பை எந்த மன்னரும் அவருக்காகச் செய்து தந்திருக்க முடியாது. கட்டடங்களின் தூண்கள் அவருடைய படங்களில் சாயாமல் நேராக நிற்பதற்கு, வரைபடம் போட்டுப் பழகிய கண்ணே காரணம் என்பது என் கருத்து. 1880-களின் நடுவில் நீண்ட விடுப்பு எடுத்து, பிறகு அரசுப் பணியையே விட்டது துணிச்சலான முடிவு.

இரண்டாம் மறுமொழி:
மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். ஆனால் கைத்திறனோடு தொழிலறிவையும் சேர்க்க வேண்டும். இந்தூர், செகந்திராபாத், பம்பாய் என மூன்று நகரங்களில் ஸ்டுடியோ நடத்தியவர் அவர். எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது, 1892-இல் ஹைதராபாதில் பெண்களுக்கென்றே அவர் திறந்த ஸ்டுடியோ. பர்தா முறையில் வாழ்ந்த குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆணின் முன் முகம் காட்ட மாட்டார்கள் என்பதால், ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில், வெளியார் பார்வை படாத உயர்ந்த மதில்களுக்குள் அதை அமைத்தார். நிஜாம் 1894-இல் வழங்கிய ‘ராஜா முசவ்விர் ஜங் பகதூர்’ பட்டத்தையும், 1897-இல் விக்டோரியா மகாராணியிடமிருந்து கிடைத்த அங்கீகாரத்தையும் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவர் பெயரிலுள்ள படங்கள் எல்லாமே அவரே எடுத்தவையா?

மூன்றாம் மறுமொழி:
அப்படிக் கொள்ள இயலாது, ஐயா. ஒரே காலத்தில் வெவ்வேறு ஊர்களில் ஸ்டுடியோக்கள் இயங்கியபோது, உருவப்படங்களைப் பணியாளர்களும், மகன்கள் ஞான் சந்தும் தரம் சந்தும் எடுத்திருக்க வாய்ப்புண்டு. ‘லாலா தீன்தயாள் அண்டு சன்ஸ்’ என்ற பெயர் நிறுவனத்தைக் குறிப்பது, ஒரு கையை அல்ல. 1880-களுக்கு முந்தைய கட்டடப் படங்களை அவருடையவை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். நெகடிவ்களில் எண்களும் தலைப்புகளும் இருப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவி. தரம் சந்த் 1904-இலும் தீன்தயாள் 1905-இலும் காலமான பிறகு நிறுவனம் தளர்ந்தது. ஆயினும் குடும்பத்தார் காத்துவந்த 2,857 கண்ணாடி நெகடிவ்களை, தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் வாங்கியது. ஆய்வைத் தொடர விரும்பினால் அந்தத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். தர்பார் காட்சிகளோடு நின்றுவிடாமல், நிஜாம் ஆட்சிப் பகுதியில் பஞ்ச நிவாரணப் பணிகளைப் பதிவுசெய்த படங்களையும் தேடிப் பாருங்கள்.