மோட்ஸ்-சி கொடுத்தும் ஏ.எம்.பி.கே. ஏறவில்லை, தவறு எங்கே?

கேள்வி:
சி2சி12 தசை செல்களுக்கு மோட்ஸ்-சி (மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வரும் சிறு பெப்டைடு) 10 மைக்ரோமோலார், 30 நிமிடம். புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ-ஏ.எம்.பி.கே. (செல்லின் ஆற்றல் குறைவை உணரும் என்சைமின் தூண்டப்பட்ட வடிவம், திரியோனின் 172) பட்டை கன்ட்ரோலிலும் இதிலும் ஒரே கருப்பு. 1 மி.கி. குப்பி, தூய்மை 98%. 460 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரைத்து 1 மில்லிமோலார் என்று வைத்துக்கொண்டேன். டோஸைக் கூட்டவா, நேரத்தைக் கூட்டவா?

பதில் 1:
ஸ்டாக் (அடிப்படைக் கரைசல்) கணக்கே இடிக்கிறது. 98% என்பது தூய்மைதான். குப்பியில் எவ்வளவு பெப்டைடு இருக்கிறது என்பது வேறு. இந்த 16 அமினோ அமிலச் சங்கிலியில் ஆர்ஜினின் 3, லைசின் 1, அதோடு என்-முனை. ஐந்திலும் டி.எஃப்.ஏ. (தயாரிப்பிலிருந்து ஒட்டிக்கொள்ளும் அமிலம்) ஒட்டினால் 2174.6 எடையோடு 570 கூடும். ஐந்தில் ஒரு பங்கு வெறும் உப்பு, ஈரப்பதம் தனி. சான்றிதழில் நெட் பெப்டைடு 78% என்றிருந்தால் 359 மைக்ரோலிட்டரில்தான் 1 மில்லிமோலார் வரும். லோ-பைண்டிங் டியூபில் சிறு சிறு பங்காகப் பிரித்து -80இல் வையுங்கள். 1, 6ஆம் இடங்களில் மெத்தியோனின் இருப்பதால் பழைய ஸ்டாக் ஆக்சிஜனேற்றம் ஆகும். மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறு எடை அளக்கும் கருவி) எடை +16, +32 கூடித் தெரியும்.

பதில் 2:
டோஸை விடுங்கள், நேரம்தான் போதவில்லை. 2015இல் சொல்லப்பட்ட வழி சுற்றுவழி: ஃபோலேட் சுழற்சி தடைபட்டு, பியூரின் தயாரிப்பு நடுவழியில் நின்று, ஐகார் என்ற இடைப்பொருள் தேங்கி, அதற்குப் பிறகுதான் ஏ.எம்.பி.கே. எழும்பும். 24, 48, 72 மணி பாருங்கள். சீரத்திலுள்ள புரோட்டியேஸ் பெப்டைடை வெட்டும், தினமும் புதிதாகப் போடுங்கள். வெளியிலிருந்து ஐகார் 1 மில்லிமோலார், 1 மணி கொடுத்த லேனும் (பிளாட்டில் ஒரு பத்தி; இதில் ஏ.எம்.பி.கே. ஏறியே ஆகவேண்டும்), அமினோ அமில வரிசை கலைத்த பெப்டைடு லேனும் (இதில் ஏறக்கூடாது) கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்:
ஐகார் லேன் இருக்கிறது. அதுவும் கன்ட்ரோல் மாதிரியே கருப்பு.

பதில் 2:
அப்படியானால் பெப்டைடைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. கன்ட்ரோலே ஏறிக் கிடக்கிறது. மீடியம் மஞ்சளாகும்வரை விட்டீர்களா? குளுக்கோஸ் தீர்ந்தாலே ஏ.எம்.பி.கே. தானாக எழும்பும். எல்லாத் தட்டுக்கும் 2 மணி முன்பு மீடியம் மாற்றுங்கள். இன்குபேட்டரிலிருந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து, உடனே ஐஸ் மேல் வைத்து, பாஸ்பட்டேஸ் தடுப்பான் கலந்த பஃபரில் உடையுங்கள். ஐந்து தட்டை வரிசையாக அடுக்கி வைத்தால் கடைசித் தட்டு பொய் சொல்லும். பிளாக்கிங்குக்குப் பால் பவுடர் வேண்டாம், 5% பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின்) போடுங்கள். கூடவே பாஸ்போ-ஏ.சி.சி. (ஏ.எம்.பி.கே. பாஸ்பேட் ஏற்றும் என்சைம், செரின் 79) பாருங்கள், அதுதான் நம்பகமானது. 265-280 கிலோடால்டன் என்பதால் 6% ஜெல், இரவு முழுக்க டிரான்ஸ்ஃபர்.

பதில் 3:
எண்டோடாக்சினும் (பாக்டீரியா நச்சு) பார்த்துவிடுங்கள். "ஆய்வுக்கு மட்டும்" குப்பிகளில் அதைப் பெரும்பாலும் சோதிப்பதில்லை, செல்லின் வளர்சிதை மாற்றத்தையே அது குழப்பும். இதே குப்பியை உடம்பில் ஏற்றலாமா என்று வேறு இழைகளில் கேட்கிறார்கள், கூடாது. மோட்ஸ்-சியின் மாற்று வடிவமான சிபி4211 முதல் கட்டச் சோதனையில் 4 வாரம் ஊசியாகப் போடப்பட்டது. கல்லீரல் என்சைம்கள் இறங்கின, ஆனால் கல்லீரல் கொழுப்பு பிளாசிபோவைவிடத் தெளிவாகக் குறையவில்லை. ஊசி போட்ட இடத்தில் தடிப்பு வேறு. விளையாட்டு வீரர்களுக்கு வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடைப்பட்டியலிலும் மோட்ஸ்-சி இருக்கிறது.