ராமேஸ்வரம் பின்கோடுக்குள்ள ஒளிஞ்சிருந்த 17

குழு: கடற்கரைத் தெரு சொந்தங்கள்

தம்பி (தங்கச்சிமடம்), இரவு 8:12
ராமேஸ்வரம் பின்கோடு 623526-ஐ உடைச்சுட்டேன். 2 × 3 × 103921. கடைசி நம்பர் பகா எண். முடிஞ்சுது.

அக்கா (மண்டபம்), 8:14
பகா எண்ணுன்னு எப்படிடா சொல்ற?

தம்பி, 8:15
7 × 11 × 13 = 1001. 103921 = 103 × 1001 + 818. அதனால 921-ல 103-ஐக் கழிச்சு வந்த 818-ஐப் பாத்தாப் போதும். 7-ல வகுத்தா மீதி 6, 11-ல 4, 13-ல 12. மூணுமே போகல.

அக்கா, 8:17
வர்க்கமூலம் 322 சொச்சம்டா. அது வரைக்கும் 66 பகா எண் இருக்கு. 2, 3, 5-ஐச் சேர்த்தாலும் நீ பாத்தது ஆறுதான். மிச்சம் 60-ஐ யாரு பாக்குறது?

சித்தப்பா (பாம்பன்), 8:21
அம்புட்டும் வேணாம். 103921-ஐ 4-ல வகுத்தா மீதி 1. பகா எண்ணா இருந்தா ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ஒரே ஒரு வழியிலதான் வரும். ரெண்டாவது வழி சிக்குச்சுன்னா பகு எண்.
ரெண்டுல பெரிய வர்க்கம் 103921-ல பாதிக்குக் குறையாது, அதனால 322-லருந்து 228 வரைக்கும் இறங்குங்க. 2, 3, 7, 8-ல முடியறதைத் தொடவே வேணாம், கடைசி இலக்கம் ஒத்துவராது.

தம்பி, 8:24
321: வர்க்கம் 103041, மிச்சம் 880. ம்ஹூம்.
320: 102400, மிச்சம் 1521. அட, 39 × 39! அப்ப பகா எண்தான?

சித்தப்பா, 8:25
அங்கனயே நிக்காத. 45-ஐயும் 36 + 9-னு ஒரே வழியிலதான் எழுத முடியும். அது பகா எண்ணா? இன்னும் இறங்கு.

அக்கா, 8:41
264! வர்க்கம் 69696, மிச்சம் 34225, அது 185-ஓட வர்க்கம்.

சித்தப்பா, 8:44
இனி கணித மேதை ஆய்லர் காட்டின வழி. இரட்டையை இரட்டையோட, ஒற்றையை ஒற்றையோட சேருங்க. மாத்திச் சேர்த்தா பாதியாக்கும்போது இடிக்கும்.
கழித்தல்: 320 − 264 = 56, 185 − 39 = 146. மீ.பொ.கா 2.
கூட்டல்: 584, 224. மீ.பொ.கா 8.
2-லயும் 8-லயும் பாதி 1, 4. வர்க்கங்களைக் கூட்டு, 1 + 16 = 17.

தம்பி, 8:46
17 × 6113 = 103921 😳 13-க்கு அடுத்த பகா எண்ணே!

அக்கா, 8:58
6113-க்கு 78 வரைக்கும் பாத்தாப் போதும். 17-லருந்து 73 வரை 15 பகா எண், ஒன்னும் போகல. 17-ஐத் திரும்பப் பாக்கணும், நெறைய பேரு அங்கதான் கோட்டை விடுவாங்க. மீதி 10.
ஆக 2 × 3 × 17 × 6113. மொத்தம் 16 வகுத்திகள்.

மாமா (கீழக்கரை), 9:03
மச்சான், முழு பின்கோடையும் ரெண்டு வர்க்கமா எழுத முடியுமா?

சித்தப்பா, 9:05
முடியாது. 3 ஒத்தையா நிக்குது. 4-ல வகுத்தா மீதி 3 வர்ற பகா எண் ஒத்தைப்படைத் தடவை இருந்தா வழியே கிடையாது.

மாமா, 9:09
பாதி 311763, மூணுல ஒன்னு 207842, ஆறுல ஒன்னு 103921. கூட்டினா திரும்ப 623526 வருதே?

சித்தப்பா, 9:10
6-ல போற எந்த எண்ணுக்கும் வரும் மச்சான். ½ + ⅓ + ⅙ போட்டுப் பாருங்க.