புதுப்பிப்பு: காரைக்குடி பூ ஓடு (டைல்ஸ்), பின்பக்கம் தெரிந்துவிட்டது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய ஆறு அங்குலப் பழைய பச்சை டைல்ஸ் இங்கிலாந்தில் செய்ததா ஜப்பானில் செய்ததா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்ததால் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆசிட் வேண்டவே வேண்டாம், தண்ணீரில் ஊறப்போடுங்கள் என்று சொன்ன நண்பருக்குப் பெரிய நன்றி. ஊறியதும் மூங்கில் குச்சியாலேயே காரை உதிர்ந்தது. சிமெண்ட்டாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதில் விட்டிருக்காது.

உள்ளே 'மின்டன் ஹாலின்ஸ், ஸ்டோக் ஆன் டிரென்ட்' என்ற அச்சு! இங்கிலாந்து ஓடு நிறுவனம்தான். பக்கத்திலேயே வைர வடிவ முத்திரை, அதாவது பிரிட்டனில் ஒரு பொருளின் வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான அடையாளம். உச்சியில் ரோமன் எண் நான்கு (IV), அதாவது மண்பாண்ட வகை. இந்த வைர முத்திரை 1842 முதல் 1883 வரைதான் புழக்கத்தில் இருந்தது. 1884 முதல் வெறும் பதிவு எண். ஆக, வடிவம் பதிவானது 1883க்குள். இந்த ஓடு சூளையில் சுடப்பட்டது அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியும் இருக்கலாம்.

செட்டிநாட்டு வீடுகளில் நாம் அதிகம் பார்க்கும் ஜப்பான் மஜோலிகா (வண்ண மெருகிட்ட புடைப்பு வேலை) ஓடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. பெரும்பாலும் இங்கிலாந்து வடிவங்களைப் பார்த்தே செய்தார்கள். அதனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள்.

மெருகில் ஓடும் மயிரிழை வெடிப்புகளை அப்படியே விட்டுவிட்டேன். ப்ளீச் போட மனம் வரவில்லை. முத்திரையின் மற்ற மூலைகளில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்காகப் படம் இணைத்திருக்கிறேன்.