‘இயங்கும் அமர்வு’ வேண்டாம், ‘நடப்பு அமர்வு’ ஆகட்டும்

> சேவையகத்தில் இப்போது புகுபதிந்திருப்பவர்களைத் தேடித் தரும் உதவிச் செயற்கூற்றுக்கு ‘இயங்குமமர்வு_காட்டு’ என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம் தம்பி,

ஒருவர் புகுபதிந்ததிலிருந்து வெளியேறும் வரை உள்ளதை ‘அமர்வு’ என்பது சரி. ‘புகுபதிகை’யும் விக்கிப்பீடியாவில் பழகிய சொல்தான், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எனக்கு இடிப்பது ‘இயங்கும்’.

லினக்சில் இந்த விவரம் வழக்கமாக யூடிஎம்பி என்ற கோப்பிலிருந்து வருகிறது. ஆள் உள்ளே வந்தால் ஒரு பதிவு விழும், வெளியேறினால் அது மூடப்படும். இடையில் அவர் தட்டச்சு செய்கிறாரா, தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாரா என்று அந்தப் பதிவுக்குத் தெரியாது. பைத்தான் நிரல்மொழியில் பீஎஸ்யூடில் என்ற நிரலகம் தரும் பட்டியலும் அப்படியே: பெயர், முனையம் (கட்டளை தட்டும் சாளரம்), எங்கிருந்து வந்தார், எப்போது வந்தார் என்பது இருக்கும், சும்மா இருந்த நேரம் இருக்காது. நேற்று கல்லடியில் எங்கள் சேவையகத்தைப் பார்த்தேன். 4 அமர்வுகள், அதில் 3 என்னுடையவை! காலையில் திறந்துவிட்டு மறந்த முனையங்கள். அவற்றில் எது இயங்கியது?

குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் போகிற மாதிரித்தான். ஏறியவர் தூங்கினாலும் கதைத்தாலும், இறங்கும் வரை பாதையில் இருக்கிற ஆள். (வெளியூர் நண்பர்களுக்கு: ‘பாதை’ என்றால் இங்கே மட்டக்களப்பில் வாவியைக் கடக்கிற மிதவை, ரோடு இல்லை. ஊர்ச்சொல்லைக் கலைச்சொல்லாக்க எனக்கு ஆசைதான். இந்த மாதிரிக் குழப்பத்துக்குப் பயந்துதான் விட்டுவிடுகிறேன்.)

அதனால் ‘நடப்பு அமர்வு’. ஆறு மாதம் ஒரு சதம்கூடப் போடாவிட்டாலும் வங்கியில் அது நடப்புக் கணக்குத்தானே.

‘காட்டு’வும் பொருந்தாது. இது திரையில் எதையும் எழுதுவதில்லை, பட்டியலைத் திருப்பித் தருகிறது. ‘எடு’ போதும். ‘உதவி’ என்றால் உதவிப் பக்கம்தான் நினைவுக்கு வரும், ‘துணைச் செயற்கூறு’ என்றே சொல்வோம்.

அப்புறம் ஒன்று. ‘நடப்பமர்வு’ என்று சேர்த்து எழுதினால் காதுக்கு நல்லாயிருக்கும். ஆனால் நிரலுக்குள் ‘அமர்வு’ என்று தேடினால் அகப்படாது. அகரம் பகரத்துக்குள் போய்விட்டது. உங்கள் ‘இயங்குமமர்வு’க்கும் இதே கதிதான். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், புணர்ச்சி விதி அதற்குத் தெரியாது. அடிக்கோடு போட்டுப் பிரித்தே எழுதுங்கள்:

நடப்பு_அமர்வுகள்_எடு

செயலி திடீரென்று மடிந்தால் ஆள் இல்லாமல் பதிவு மட்டும் மூடப்படாமல் மிஞ்சும், அதற்கும் ஒரு பெயர் தேவை. ‘பேய் அமர்வு’ என்று ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் ‘எச்ச அமர்வு’ என்பேன். பிள்ளைகளின் சொல்தான் நிற்கும் போலிருக்கிறது.