சுண்டெலி செதுக்கிய ஓக் டீப்பாய்: ஏலத்தில் எடுக்கலாமா?

செல்வி_லீட்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். யார்க்‌ஷயரில் ஒரு ஏலக்கடையில் பழைய ஓக் டீப்பாய் பார்த்தேன். எட்டுப்பட்டைக் கால்கள், அடியில் குறுக்குச் சட்டம், ஒரு காலில் ஏறுகிற மாதிரி சுண்டெலி. தன் சாமான்களில் சுண்டெலியை அடையாளமாகச் செதுக்கிய ஆசாரி ‘மவுஸ்மேன்’ தாம்சன் வேலை என்கிறார்கள். மேற்பலகை மேடுபள்ளமாக இருக்கிறது, தண்ணீர்க் கறையும் உண்டு. நம்பி எடுக்கலாமா?

நியூஜெர்சி_குமார்:
இங்கே அமெரிக்காவில் என்றால் மரச்சாமான் செய்த ஸ்டிக்லி பெயரைத்தான் சொல்வோம். குஸ்தாவ் ஸ்டிக்லி சாமான்களில் ஆசாரிகள் வட்டம் போடும் காம்பஸ் வடிவ முத்திரை இருக்கும், அதைத் தேடுவோம். உங்கள் ஊர் எலி பற்றி யார்க் அண்ணாதான் சொல்ல வேண்டும்.

யார்க்_மரப்பித்தன்:
செல்வி, முதலில் எலியை மறந்துவிட்டுப் பலகையைப் பாருங்கள். கில்பர்ன் கிராமத்து ராபர்ட் தாம்சன் 1955இல் இறந்துவிட்டார், ஆனால் பட்டறையை அவர் வம்சத்தார் இன்றும் நடத்துகிறார்கள், எலியும் தொடர்ந்து வருகிறது. அதனால் எலி இருந்தாலே அவர் காலத்துச் சாமான் என்று ஆகிவிடாது. அங்கே தொழில் பழகி வெளியே வந்தவர்களும் அக்கம்பக்கத்து ஆசாரிகளும் அணில், முயல் என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். அவற்றிலும் அருமையான வேலை உண்டு.

அந்த மேடுபள்ளம் குறை இல்லை, அதுதான் உயிர். வாய்ச்சியால் (மரம் செதுக்கும் கோடாலி மாதிரிக் கருவி) கையால் செதுக்கிய தடம். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவுங்கள்: அலைகள் மெலிதாக, ஒன்றுக்கொன்று சற்று மாறி வர வேண்டும். எல்லாம் ஒரே அளவில் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம் ஒரு டார்ச் கொண்டுபோய் எலியின் அடியில் பாருங்கள். கால் மரத்தின் ரேகை அப்படியே எலி உடம்புக்குள் ஓட வேண்டும், ஏனென்றால் அதே கட்டையில் செதுக்கியது அது. விளிம்பில் பசைக்கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்க் கறைக்குப் பயப்படவே வேண்டாம். யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. தேய்த்தால் வாய்ச்சித் தடமும் போகும், பல வருடத்து நிறமும் போகும். இரண்டையும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

செல்வி_லீட்ஸ்:
நன்றி அண்ணா. எலிக்கு முன்னங்கால்கள் இருக்கின்றன. அது நல்லதா?

யார்க்_மரப்பித்தன்:
நல்ல செய்திதான் அம்மா! ஆரம்பகால எலிகளுக்கு முன்னங்கால் உண்டு. எளிதில் ஒடிந்துபோவதால் பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் போலி செய்பவனுக்கும் இது தெரியும், அதனால் ரேகையைப் பார்க்காமல் கை தூக்காதீர்கள்.

ஏலத்துக்கு முன் நேரம் இருந்தால் ஹபர்ஹோம் தேவாலயத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்குள்ள பெஞ்சுகள் தாம்சன் பட்டறை 1934இல் செய்தவை. உட்கார்ந்து, தொட்டு, எலிகளைத் தேடிப் பாருங்கள். படத்தில் பார்த்து வராத அறிவு கைக்கு வரும்.

உங்கள் உச்ச விலையை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏலக்காரர் கமிஷன் அதற்கு மேல் தனி. பழுது விவரத்தை எழுத்தில் கேளுங்கள். ஜெயித்தால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஒட்டிப் போடாதீர்கள், வெடிப்பு விடும். தேன்மெழுகு கொஞ்சமாகத் தடவித் துணியால் துடைத்தால் போதும்.